கூழைக்கடா எச்சத்துக்கு என்ன நம்பர்?

நாட்டுல நடக்குற ஒவ்வொரு தொழிலுக்கும் அரசாங்கம் ஒரு நம்பர் வச்சிருக்குங்க. தேசியத் தொழில் வகைப்பாடுன்னு பேரு. ஐ.நா. பட்டியலை ஒட்டி 2008-ல போட்டது. அதுல நெல் பயிரிட்டா 0112. யூரியா ஃபேக்டரின்னா 2012. பறவைகள் சரணாலயம் 9103, 'ஆர்' பிரிவு. சூதாட்டமும் அதே பிரிவுதான் :-)

இப்ப வேடந்தாங்கலைப் பாருங்க. ஏரிக்குள்ள நிக்கிற மரங்கள்ல கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுது. எச்சம் தண்ணியில விழுது. அந்தத் தண்ணி வயலுக்குப் பாயுது. காசில்லாம உரம்!

இந்த உரத்துக்கு என்ன நம்பர்? கிடையாது. நெல் ஒரு கட்டத்துல, பறவை இன்னொரு கட்டத்துல. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கொடுக்கல் வாங்கல் எந்தக் கட்டத்துலயும் இல்ல.

கணக்கெடுக்க கட்டம் வேணும், ஒத்துக்கறேன். ஆனா எண்ணுறது வேற, மதிப்பு போடுறது வேற. 2020-ல சரணாலயத்தோட 5 கி.மீ. எல்லையைச் சுருக்கணும்னு வனத்துறை கேட்டப்போ பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. அந்த மாதிரி நேரத்துல நம்பர் இருக்குற ஃபேக்டரி, உற்பத்தி இவ்வளவு, வேலையாள் இவ்வளவுன்னு காட்டிரும். எச்சம் எதைக் காட்டும்?

1798-லயே பறவைகளுக்குப் பாதுகாப்பு வேணும்னு ஊர்க்காரங்க கும்பெனி கலெக்டர்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. பறவை வேற, பயிர் வேறன்னு அவங்க பிரிச்சுப் பாக்கல.

பட்டியல் இருந்துட்டுப் போகட்டும். முடிவெடுக்கும்போது அதை மட்டும் பாக்காதீங்கன்னுதான் சொல்றேன். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?