ரோடு இருக்கு... தங்க ஆள் எங்கே? கொல்லிமலை சொல்லும் பாடம்!

நாமக்கல்:
கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவோட ரோடு இருக்கு. ஆனாலும் டாக்டர், வாத்தியார் மலையிலேயே தங்கணும் என்பது மலை ஜனங்களின் நீண்டநாள் கோரிக்கை.

ரோடே இல்லாத 1913-ல் இங்கிலாந்து மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட், மனைவி ஈவ்லினோடு மலையேறி வீடு கட்டி குடியேறினார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர். நரம்புச் சிலந்திப் புழுவை எடுத்தனர். பள்ளிக்கூடம் நடத்தினர். அப்படியும் ஜனங்கள் ஒதுங்கியே நின்றனர். காய்ச்சலில் கிடந்த பூசாரி ஒருவர், சாகும் முன் தன் பிள்ளைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். அப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

1929-ல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லின் ஓய்வு பெற்றபோது வயசு 70-ஐ நெருங்கியது. சொந்த நாட்டுக்குப் போகாமல் மறுபடி மலையேறினார். மட்டக்குதிரை, மூங்கில் கம்பு துணையோடு ஊர் ஊராகச் சுற்றி, 1974-ல் 95 வயதில் மறைந்தார்.

அவங்க வந்தது மதம் பரப்ப. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனா நடுராத்திரி தட்டினாலும் கதவு திறந்ததால்தான் ஜனங்கள் நெருங்கினர்.

அந்தத் தம்பதியே 1923-ல் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்து அனுப்ப வேண்டியதாச்சு. இன்றைய ஊழியருக்கும் அதே கவலைதான். குடும்பத்தோடு தங்க நல்ல குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூல் மலையிலேயே வேணும். வெறும் உத்தரவு போட்டா யாரும் தங்க மாட்டாங்க!