பந்தயத்துக்கு முந்திய ஏழு நாட்கள்

அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியுமுன் கூடும் எங்கள் மிதிவண்டிக் குழுவில், இவ்வாண்டு இருவர் இமயமலைப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றனர். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே சிம்லா சென்று, மலையிலேயே தங்கிப் பயிற்சி செய்வது அவர்கள் திட்டம். அட்டவணையை என்னிடம் காட்டினர். 7 நாட்களில் 6 பயணங்கள். மொத்தம் 350 கிலோமீட்டர். "எப்படி இருக்கிறது, சார்?" என்று கேட்ட இளைஞரிடம், "ஆறில் நான்கை அடித்துவிடுங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு செலவழித்து, லீவும் போட்டுவிட்டு, அங்கே போய்ப் படுத்துக் கிடக்கவா சார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே தவறும் இருக்கிறது என்பது என் கருத்து.

மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயம் நம் நாட்டுக்கு மிகப் பழையதன்று. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்ஆல்ப் பந்தயம் 1998-இல் தொடங்கியது. இமாச்சலப் பிரதேசத்தில் எம்.டி.பி. ஹிமாலயா 2005-இல் தொடங்கியது. தெற்கே, பெங்களூரு அன்பர்கள் முன்னின்று 2008-இல் தொடங்கிய நீலகிரிச் சுற்றுப்பயணம் தார்ச்சாலைப் பயணமே எனினும், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நம்மில் பலருக்கு அறிமுகம் செய்து வைத்தது அதுதான். இவற்றில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். எண்ணி எண்ணி விடுப்பு எடுக்கும் சம்பளக்காரர்கள். ஆகவே, "மலையில் ஒரு வாரம்" என்பது அவர்களுக்கு எளிதில் மறுமுறை கிடைக்காத பொருள். அந்த அருமையே அதைக் கெடுத்தும் விடுகிறது.

உடலின் கணக்கை முதலில் பார்ப்போம். கடுமையான பயிற்சியின் பலன் மறுநாளே கைக்கு வருவதில்லை; தசையும் இதயமும் அதை ஏற்றுத் தேறுவதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். எனவே கடைசி வாரத்தில் செய்யும் பெருமுயற்சி, பந்தய நாளில் வலிமையாக அன்று, களைப்பாகவே வந்து சேரும். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இக்காலத்தில் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் குறையாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

உயரத்தின் கணக்கு வேறு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் வார இறுதியில் ஏறிப் பெருமைப்படும் நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். சிம்லா நகரமே ஏறத்தாழ 2,200 மீட்டர். சட்லெஜ் பள்ளத்தாக்கிலிருந்து குல்லூப் பக்கம் கடந்து செல்லும் ஜலோரிக் கணவாயோ 3,100 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். முதல் சில நாட்களில் மூச்சு வேகமாகும், உறக்கம் கெடும், சிறுநீர் மிகுந்து உடலின் நீர் குறையும். இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி உடல் முழுமையாகப் பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். 7 நாட்களில் கிடைப்பது பாதிப் பழக்கம் மட்டுமே. ஆயினும் அந்தப் பாதி மிகவும் பயனுள்ளது. அது கிடைக்க ஒரே நிபந்தனை, அந்நாட்களில் உடலை வேறு எதனாலும் வருத்தாதிருத்தல்.

இதை நான் நூலறிவால் மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு வாரம் முன்னதாகவே சென்றேன். திங்கட்கிழமை சிம்லாவைச் சுற்றினேன். செவ்வாயன்று நார்கண்டாவுக்கு மேலுள்ள ஹாட்டூ சிகரத்தின் செங்குத்துப் பாதையில் ஏறினேன். வியாழனன்று ஜலோரி. காலையில் எழும்போது தலை வலித்தது. குளிரால் என்று எண்ணிக்கொண்டேன். பசி குறைந்தது, புதிய இடத்து உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொண்டேன். பந்தயத்தின் இரண்டாம் நாள், நான்கு நாட்களுக்கு முன் சிரித்துக்கொண்டே ஏறிய அதே ஏற்றத்தில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, பிறகு நடக்கவும் இயலாமல், கடைசியாக வரும் வண்டியில் ஏறி அமர்ந்தேன். ஓராண்டுப் பயிற்சி அந்த வண்டியின் பின்னிருக்கையில் முடிந்தது. குற்றம் மலையுடையதன்று, ஏற்பாட்டாளர்களுடையதுமன்று.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னர் யோசித்தபோது, வணிகவியல் வகுப்பில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. செலவழிந்து, இனி எந்த முடிவாலும் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவுக்குக் காரணமாக்கக் கூடாது என்பது அப்பாடம். கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது, ஏற்கெனவே போட்ட பணத்துக்காக மேலும் பணம் போட்டு நொடிந்த தொழில்களைக் காண்கிறேன். அவர்களுக்கு அறிவுரையும் சொல்கிறேன். அதே நான், விடுதி அறைக்குக் கொடுத்த வாடகை வீணாகக் கூடாதென்று தினமும் மலையேறினேன். அறையும் விமானச் சீட்டும் விடுப்பும் ஏற்கெனவே செலவானவை. அன்றைய காலை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று சென்றால் பந்தய நாளுக்கு நன்மையா, தீமையா?

அப்படியானால் அவ்வாரத்தில் செய்யத்தக்கது என்ன? பாதையை அறிதல்தான். ஏற்றத்தைப் பெங்களூரிலேயே ஓரளவு பயிலலாம். தளர்ந்த கற்கள் நிறைந்த இமாலய இறக்கத்தை இங்கே பயில வழியில்லை. வண்டியில் மேலே சென்று, இறக்கத்தின் கடினமான பகுதியை மட்டும் இரண்டு முறை மெதுவாக இறங்கிப் பாருங்கள். எந்த வளைவில் மணல், எங்கே நீரோடை, டயரில் எவ்வளவு காற்று போதும் என்பவை அப்போதுதான் தெரியும். நெடும் இறக்கத்தில் டிஸ்க் பிரேக் எவ்வளவு சூடாகிறது என்பதும் அங்கேதான் தெரியும். ஒரு ஜோடி பிரேக் கட்டைகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் போகும்போது பெரும்பாலும் வளைவது பின்சக்கரத்தருகே கியரைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு தகடு. உங்கள் மாடலுக்குப் பொருந்துவது மலைக்கிராமத்துக் கடையில் கிடைக்காது. அதிலும் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்னதாகச் செல்வதன் உண்மையான ஆதாயம் இதுவே என்பேன்: பெட்டி தாமதமானாலும், ஏதேனும் உடைந்தாலும், சரிசெய்ய நாட்கள் இருக்கும்.

காப்பீட்டைப் பற்றி, வங்கியில் இருப்பவன் என்ற முறையில், ஒரு வார்த்தை. மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்கு விதி, சாகச விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்போரைப் பற்றியே பேசுகிறது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் பந்தயத்தை, சிலவற்றில் பந்தயத்துக்கான பயிற்சியையும், விலக்கும் வாசகங்கள் உண்டு. ஆல்ப்ஸ் செல்வோர் ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுக்கிறார்கள். விசா கிடைப்பதற்குப் போதுமான அக்காப்பீடு, மலைப்பாதையில் விழுந்தால் மீட்புச் செலவுக்கும் போதுமா என்று படித்துப் பார்ப்போர் குறைவு. பணம் கட்டுமுன் விலக்குப் பட்டியலைப் படித்து, ஐயம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் விடை பெறுங்கள். தொலைபேசியில் கேட்ட "ஆகும் சார்" உரிமைகோரும் நாளில் உதவாது.

சென்ற ஞாயிறன்று அந்த இளைஞர் திருத்திய அட்டவணையைக் கொண்டு வந்தார். முதல் நாள் முழு ஓய்வு. அடுத்த நாள் ஒரு மணி நேரம் மெதுவாக. பிறகு இரண்டு நாட்கள் பாதை அறிதல், அவற்றில் ஒன்றில் மட்டும் சில நிமிட வேகம். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு மீண்டும் ஓய்வு. முந்திய நாள் அரை மணி, கியரைச் சரிபார்க்க. மொத்தம் 90 கிலோமீட்டர்கூட வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் மட்டும் பென்சிலால் "ஹாட்டூ?" என்று எழுதியிருந்தார்.

"காரில் போய்விட்டு வாருங்கள்" என்றேன்.