மறியல் வாசலில் ஒரு சாப்பாட்டுப் பார்சல்

2021 மே 18 அன்று, கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்காலில் போரில் இறந்தவர்கள் நினைவாக விளக்கேற்றிய 10 பேரைக் கல்குடாப் பொலிஸார் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். அப்படிப் பிள்ளை உள்ளே போன வீட்டில் தாய்க்கு முதலில் வரும் கேள்வி, எதைக் கொடுத்தால் உள்ளே எடுப்பார்கள் என்பதுதான். கல்குடாவிலிருந்து மட்டக்களப்புச் சிறைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். விடியப் புட்டவித்து, மீன் பொரித்து, பஸ் பிடித்து வருகிற தாயை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்த நாளே போய்விடும்.

விளக்கமறியலில் இருப்பவர் வீட்டுச் சாப்பாடு பெறலாம். தண்டனை பெற்றவருக்கோ பொங்கல், தீபாவளி போன்ற நாட்களில்தான், அதுவும் ஒருவருக்குப் போதுமான அளவு. புட்டைக் கிளறிப் பார்க்கட்டும், மீனைப் பிய்த்துப் பார்க்கட்டும். போதைப்பொருளும் சிம் அட்டையும் உள்ளே போகிற காலத்தில் சோதனை தேவைதான். விதியை வாசலில் வந்துதான் அறிய வேண்டும் என்பதையே ஏற்க முடியாது. தூரமும் ஒரு சுமைதான்: கைதியை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்க முயல வேண்டும் என்கின்றன 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள். அனுராதபுரத்துக்கும் கொழும்புக்கும் பார்சலோடு அலைந்த கிழக்கின் தாய்மார் எத்தனை பேர்! சிறை அதிகாரிகளே, எது கொண்டுவரலாம், எந்த நாளில், எத்தனை மணிக்குள் என்று தமிழில் எழுதி, மறியல் உத்தரவு வரும் அன்றே வாழைச்சேனை நீதிமன்றத்தில் வைத்து உறவினர் கையில் கொடுங்கள்.