பளிச்சென்று தெரிந்தால் போதுமா?

மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபம். காலை ஒன்பது மணி வெயிலில், குடையும் விசிறியும் கைத்தடியுமாக மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புகிறார். பக்கத்தில் நாதஸ்வர கோஷ்டி. தவில்காரரின் இடக்கைக் குச்சி இறங்குகிற வேகத்தில் அது குச்சியாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. விசிறி போல ஒரு மங்கல்தான் தெரிகிறது. பெண்ணின் தம்பி இதையெல்லாம் புத்தம் புது செல்போனில் வீடியோ எடுக்கிறான்.

சாயங்காலம் அதை டிவியில் போட்டுப் பார்த்தால் குச்சி கண்ணாடி போலத் தெரிகிறது. ஒரு கணம் மேலே, மறு கணம் கீழே. நடுவில் எங்குமே இல்லை. மாப்பிள்ளை நடப்பது சாவி கொடுத்த பொம்மை நடப்பது போல இருக்கிறது. "என்ன க்ளாரிட்டி!" என்று மாமா மெச்சுகிறார். "என்னமோ வெட்டி வெட்டிப் போறதேடா" என்கிறாள் பாட்டி.

பாட்டி சொல்வதுதான் சரி. போன் வாங்கியவனை ஏமாற்றிவிடவில்லை. ஷட்டர் வேகத்தைத் தானாகவே தேர்ந்தெடுத்ததுதான் அது செய்த தப்பு.

வீடியோ என்பது விநாடிக்கு 25 அல்லது 30 தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதுதான் ஷட்டர் வேகம். தவில் குச்சியின் நுனி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/50 விநாடியில் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அந்த 10 சென்டிமீட்டரும் ஒரு தீற்றலாக விழும். 1/1000 விநாடியில் அது நகர்வது வெறும் அரை சென்டிமீட்டர். அதனால் குச்சி உறைந்து நிற்கும். அடுத்த படம் எடுக்கப்படுவதற்குள் குச்சி எங்கோ போய்விடும். போன வழி எதிலும் பதிவாகாது. அந்தத் தீற்றல்தான் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒட்டவைக்கிற பசை. அது இல்லாவிட்டால் கண் தடுக்கி விழுகிறது.

சினிமாக்காரர்களுக்கு இது பழைய பாடம். ஃபிலிம் கேமராவுக்குள் சுழலும் ஷட்டர் தட்டில் பாதி வட்டம் திறப்பு, பாதி அடைப்பு. அதனால் '180 டிகிரி' என்று பெயர். விநாடிக்கு 24 படம் ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் 1/48 விநாடி ஒளி கிடைக்கும். வீடியோவில் 25 படம் என்றால் 1/50. அதாவது படங்களின் எண்ணிக்கையை இரட்டித்துக் கொள்வது. பல ஆண்டுகளாகத் திரையில் பார்த்துப் பார்த்து, அசைவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம் கண் பழகிவிட்டது.

வேண்டுமென்றே இதை மீறுவதும் உண்டு. 1998ல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயான்' படத்தில், கடற்கரைப் போர்க் காட்சிகளுக்கு ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறுக்கினார். 45 டிகிரி என்றால் ஏறக்குறைய 1/200 விநாடி. குண்டு வெடித்துச் சிதறும் மண் கட்டி கட்டியாகத் தெரிகிறது. ஓடுகிறவர்கள் உதறி உதறி ஓடுகிறார்கள். பார்ப்பவனின் நரம்பை இழுப்பதற்காகச் செய்தது அது. காசி யாத்திரைக்கு அந்த வைத்தியம் எதற்கு?

தாராவிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1987ல் மணிரத்னத்தின் 'நாயகன்' படத்துக்காக தோட்டா தரணி தாராவியின் சந்துகளைச் சென்னையில் செட்டாகவே எழுப்ப வேண்டியிருந்தது. 2018ல் வந்த 'காலா'வுக்கும் சென்னையில் செட்தான். அசல் சந்தில் பெரிய கேமராவை இறக்கினால் அடுத்த நிமிஷம் கூட்டம் கூடிவிடும். 2008ல் வெளியான 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஆன்டனி டாட் மான்டில் வேறு வழி பிடித்தார். எஸ்ஐ-2கே என்ற டிஜிட்டல் கேமராவின் சின்னஞ்சிறு தலைப்பகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு, பதிவு செய்யும் கருவியை முதுகுப் பையில் சுமந்தபடி சிறுவர்களின் பின்னாலேயே ஓடினார்கள். சில காட்சிகளுக்கு வீடியோவே இல்லை. ஸ்டில் கேமராவில் படபடவென்று அடுத்தடுத்து எடுத்த புகைப்படங்களை ஓடவிட்டார்கள். ஞாபகத்தில் வந்துபோகிற முகம் போல அவை விட்டு விட்டு நகர்கின்றன. 2009ல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரும் கிடைத்தது. மாப்பிள்ளையின் நடையில் பாட்டி குறை கண்டது எதுவோ, கிட்டத்தட்ட அதையேதான் டாட் மான்டில் தெரிந்து செய்தார். அவர் எங்கே வேண்டும் என்று பார்த்துச் செய்தார். போன் எல்லா இடத்திலும் செய்கிறது.

போனையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. பெரிய கேமராவில் லென்ஸின் திறப்பைச் சுருக்கி ஒளியைக் குறைக்கலாம். பெரும்பாலான போன்களில் திறப்பு மாறாது. எனவே வெயிலில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் கீழே ஓடுகிறது. 1/50ஐ விடாமல் பிடிக்க வேண்டுமானால் லென்ஸுக்கே கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். அதன் பெயர் என்.டி. ஃபில்டர். ஷட்டரைக் கையால் நிர்ணயிக்க விடும் செயலி ஒன்றும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் நிழலில் நின்று எடுத்தால் பாதிக் குறை தீரும்.

மண்டபத்துக்கு உள்ளே வந்தால் வேறு வில்லங்கம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. மலிவான எல்இடி பலவும் அப்படியே. 1/50 விநாடி ஷட்டரில் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும், 1/100ல் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு ஒளி கிடைப்பதால் படம் நிதானமாக இருக்கும். 1/60 வைத்தால் ஒன்றே முக்கால் துடிப்பு மாதிரி ஏதோ ஒரு கணக்கு வரும். ஒரு படத்தில் வெளிச்சம் கூடும், அடுத்ததில் குறையும். குறுக்கே கறுப்புப் பட்டைகளும் ஊரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கிருந்து அத்திம்பேர் ஆசையாக வாங்கி வந்த கேமரா செம்பூர் வீட்டுக் கூடத்தில் கண் சிமிட்டியதற்குக் காரணம் இதுதான். பூர்வ ஜன்மத் தோஷம் எதுவும் இல்லை. இன்றைய போன்களிலும் விநாடிக்கு 30 படம் என்பதே வழக்கம். அதை மாற்றாவிட்டாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் நிறுத்தினால் பட்டை போய்விடும். ஐபோனில் 'பால்' முறையைக் காட்டும்படி அமைப்பில் சொன்னால் 25 படமும் கிடைக்கும்.

ஆக, எதற்கும் 1/50தானா? இல்லை. 1945 முதல் மாட்டுங்காவில் பரதம் கற்பித்து வரும் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் போன்ற பள்ளியில் படிக்கும் பெண், தன் அடவைத் தானே திருத்திக்கொள்ளப் படம் எடுத்தால் அவளுக்குத் தீற்றல் உதவாது. கை எங்கே நின்றது, விரல் மடங்கியதா என்று படத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு 1/200க்கும் மேலே போகலாம். அதே பெண்ணின் அரங்கேற்றத்தை எடுக்கும்போது 1/50க்கு இறங்கி வருவதே அழகு.

விளையாட்டில்லாத இடம் ஒன்று உண்டு. அது சிசிடிவி. 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பிறகு பேச்செடுக்கப்பட்ட மும்பை நகரக் கேமரா திட்டம், சுமார் 4,700 கேமராக்களுடன் 2016ல் முழுதாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அது அரசாங்கக் காரியம். தாராவியின் தோல் கடை, இட்லிக் கடை, செம்பூரின் குடியிருப்பு வாசல் எல்லாம் சொந்தக்காரர்கள் தாங்களே மாட்டிக்கொண்ட கேமராக்களை நம்பியிருக்கின்றன. விற்பவர் ராத்திரிப் படத்தைக் காட்டுகிறார். பகல் மாதிரி வெளிச்சம், கலர் வேறு. வாங்குபவருக்கு மகிழ்ச்சி. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பல கேமராக்களில் அது ஷட்டரை 1/25க்கும், 1/12க்கும் கூட மெதுவாக்கிச் சேர்த்த வெளிச்சம். சுவரும் ஷட்டர் கதவும் அசையாதவை, எனவே பளிச்சென்று தெரிகின்றன. திருடன் அசைகிறான்.

சாதாரணமாக நடக்கிற ஆள் விநாடிக்குச் சுமார் ஒன்றேகால் மீட்டர் போகிறான். 1/25 விநாடியில் 5 சென்டிமீட்டர், 1/12ல் 10. குறுக்கே நடந்து போகிறவனின் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கரைந்துவிட இது தாராளம். 1/100 வைத்தால் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். அடையாளம் சொல்ல ஏதாவது மிஞ்சும். மணிக்கு 36 கிலோமீட்டரில் குறுக்கே போகும் பைக் 1/25ல் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பிளேட்டில் எழுத்தின் கோடு சில மில்லிமீட்டர்தான். 1/1000 வைத்தாலும் ஒரு சென்டிமீட்டர் இழுபடும். அதனால்தான் நம்பரைப் படிக்கும் கேமராவை, வண்டி நேரே எதிரில் வருகிற இடமாகப் பார்த்து, தனி விளக்கோடு மாட்டுகிறார்கள். கறைபடிந்த படத்தை போலீஸ் கம்ப்யூட்டரில் 'ஜூம்' செய்து தெளிவாக்கிவிடும் என்பது சினிமாவில் மட்டும் நடப்பது. பதிவாகாத மூக்கை எந்தக் கம்ப்யூட்டரும் தோண்டி எடுக்காது. வரைந்து வேண்டுமானால் கொடுக்கும்.

கேமரா மாட்டும் ஆளிடம் காசைக் கொடுப்பதற்கு முன்னால், இருட்டிய பிறகு கடைப் பையனை வாசலில் குறுக்கே இரண்டு முறை வேகமாக நடக்கச் சொல்லலாம். பதிவை ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. நடுவில் நிறுத்தி, முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அமைப்பில் ஷட்டரைத் தானியங்கியிலிருந்து மாற்றி 1/100ல் நிறுத்தச் சொல்ல வேண்டும். "அப்புறம் படம் இருட்டா இருக்குமே சார்" என்பார். இருக்கும்தான். வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு மாட்டிவிட்டு, பையனை மறுபடி நடக்கச் சொல்லிப் பார்க்கலாம்.