பில் இல்லாத முறைப்பாடு

2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த நாட்களை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முகாமில் பழைய உடுப்புகள் மலைபோல் குவிந்து கிடக்க, அடுத்த முகாமில் குழந்தைக்குப் பால்மா இல்லை. கிழக்குக்கு லொறிகள் போய்க்கொண்டே இருந்தன. எது எங்கே இறக்கியது என்ற கணக்குத்தான் எவரிடமும் இல்லை.

அந்தக் குழப்பத்துக்குள்தான் நமது நாட்டுக் கணினித் துறையினர் பலர் சம்பளமின்றி உட்கார்ந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. காணாமற்போனோர் விபரம், முகாம்களின் பதிவு, உதவும் நிறுவனங்களின் பட்டியல், யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அதில் ஓரிடத்தில் இருந்தன. எவரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டதால் வெளிநாட்டவர்களும் இணையம் வழியாகச் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படியான தொண்டர் குழுக்கள் இன்றும் உண்டு. நீங்களும் சேருங்கள் என்றால், "அது கம்பியூட்டர் படித்த பிள்ளைகளின் வேலை" என்று நம்மவர்கள் விலகிவிடுகிறார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். நிவாரணக் களஞ்சியம் என்பது நமது ஸ்டோர்தானே! எந்தச் சரக்கு முதலில் வெளியே போகவேண்டும், மூடையை உடைத்துக் கிலோவில் கொடுத்தால் கையிருப்பு எப்படிக் குறையவேண்டும் என்பதெல்லாம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருக் கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்த அளவு எந்தப் பட்டதாரிக்குத் தெரியும்?

ஆனால் சேர்வதற்கும் ஒரு முறை உண்டு. "உங்கள் மென்பொருள் சரியில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது, பில்லும் பெட்டியும் இல்லாமல் சாமானைத் திருப்பிக் கொண்டுவருவது போன்றது. எந்தப் பதிப்பு, எதை அழுத்தினீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்ற நான்கையும் எழுதினால் பிழை எங்கே என்று சீக்கிரம் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் அந்தத் தொண்டருக்கு ஓர் இரவு வீண். பகலில் அவர் வேறெங்கோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். அதே பிழையை வேறு யாராவது முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுவதும் மரியாதைதான். "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று அதட்டுவதற்கு அவர் நமது சப்ளையர் அல்லர்.

இதைவிட மோசம், செய்கிறேன் என்று பொறுப்பெடுத்துவிட்டு மறைந்துபோவது. முடியாது என்று சொன்னால் வேறொருவர் எடுத்துச் செய்வார். நமது சங்கங்களிலும் இந்த வியாதி இருப்பது தெரிந்ததுதான்.

ஆங்கிலம் வராது என்று தயங்கவேண்டாம். இரவு கடை பூட்டிய பிறகு மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதை அவர்கள் எழுதட்டும். மூடைக் கணக்கு கிலோக் கணக்காக மாறுகிற இடத்தில் எங்கே பிழைக்கிறது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.