கடைசி வரிசை டபுள் பேஸ்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று நான்கையும் புதிதாகக் கற்பவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை. செலவு மிச்சம்தான். ஆனால் சிரமம் எல்லோருக்கும் ஒன்றா?

வயலினின் கம்பிகள் ஜி, டி, ஏ, ஈ. வியோலாவுக்கும் செல்லோவுக்கும் சி, ஜி, டி, ஏ. பேஸுக்கு ஈ, ஏ, டி, ஜி. நான்கிலும் பொதுவாக இருப்பவை மூன்றுதான். அதனால் முதல் பாடம் பெரும்பாலும் டி மேஜர் ஸ்கேல். மற்ற மூன்றிலும் கையை நகர்த்தாமலே எட்டு ஸ்வரமும் கிடைத்துவிடும். பேஸில் ஆறோடு சரி... கடைசி இரண்டுக்குக் கை இடம் மாற வேண்டும். இது தெரியாமல், பின்தங்கும் பையனை மக்கு என்று முடிவு கட்டினால் அது அநியாயம் இல்லையா?

அதற்காக வகுப்பைப் பிரிக்க வேண்டாம். அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் சேர்ந்து வாசித்தால்தான் வரும். ஜி மேஜரையும் சீக்கிரமே சொல்லிக் கொடுக்கலாமே! பேஸில் அதை ஈ கம்பியில் தொடங்கினால் கை நகரவே வேண்டாம். வயலின்காரர்கள்தான் தள்ளியிருக்கும் ஜி கம்பிக்காக முழங்கையை உள்ளே கொண்டுவரக் கொஞ்சம் கஷ்டப்படுவார்கள்.

படட்டுமே! ஒரே வகுப்பு என்றால் கஷ்டத்தையும் முறை வைத்துப் பங்கு போட வேண்டும். எப்போதும் ஒருவனே சுமந்தால், முதலில் வகுப்பை விட்டுப் போவதும் அவனாகத்தான் இருப்பான்.