ஆகாயத்தில் ஒரு பாடம்

பூமிக்குமேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மனிதர் குடித்தனம் செய்கிறார்கள் என்பது இன்று கட்டுக்கதையன்று. 2000-ம் வருஷம் நவம்பர் முதல் சர்வதேச விண்வெளி நிலையம் ஒரு நாளேனும் ஆளின்றி இருந்ததில்லை. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், 90 நிமிஷத்துக்கு ஒருமுறை அது பூமியை வலம் வருகிறது. ஒரு நாளில் 16 சூரியோதயங்கள்! பூமியின் ஆகர்ஷணம் அங்கும் உண்டு. ஆயினும் நிலையமும் அதிலுள்ளோரும் ஒருங்கே ஓயாது விழுந்துகொண்டே சுற்றுவதால் எதற்கும் பாரம் தோன்றுவதில்லை.

இவையாவும் அற்புதமே. ஆனால் நமது சிந்தையை அதிகமாகக் கவர்வது அவர்களது அன்றாட வாழ்க்கை. சுவரில் கட்டிய பையில் உறக்கம். எலும்பும் தசையும் தேயாதிருக்க நித்தியம் இரண்டு மணி நேரம் தேகப்பயிற்சி. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றையே சுத்திகரித்துப் பருகுகிறார்கள். 2023-ல் இவ்விதம் மீட்ட நீர் நூற்றுக்கு 98 பங்கை எட்டியது. வார முடிவில் தூசியை உறிஞ்சிச் சுவர்களைத் துடைக்கிறார்கள். தலைவரென்றோ விஞ்ஞானியென்றோ எவருக்கும் விலக்கில்லை. 2008-ல் அங்கே கக்கூஸ் பழுதுற்றது. புதிய பம்பு டிஸ்கவரி கலத்தில் போய்ச் சேர்ந்தது. அதைப் பொருத்தியவர் ருஷ்ய விண்வெளி வீரர் ஒலெக் கொனொனென்கோ. அதனால் அவருடைய கௌரவம் குறைந்துவிட்டதா?

1984-ல் ராகேஷ் சர்மா சோவியத் நிலையத்துக்குச் சென்றார். 2025-ல் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்தில் 18 நாட்கள் வசித்து மீண்டார். சொந்தக் கலத்தில் நம்மவரை அனுப்பவே ககன்யான் திட்டம் வகுக்கப்பட்டது. தேசம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் பெருமையை ஏற்கும் நாம் பாடத்தையும் ஏற்க வேண்டாமா?

அப்பாடம் நமக்குப் புதிதன்று. 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் துடைப்பம் கேட்டு வாங்கித் தம் கையாலேயே கக்கூஸைச் சுத்தம் செய்தார் காந்தியடிகள். மனிதர் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் செய்தோம். அதன் பின்னரும் சாக்கடைக் குழியில் இறங்கி விஷவாயுவால் மாண்டோர் எத்தனை பேர்! பிறர் அசுத்தத்தைச் சுமக்கவே சில ஜாதியார் பிறந்தனர் என்ற பழைய நினைப்பு இன்னும் சாகவில்லை. அதற்குப் பதிலாக மனிதர் சாகிறார்கள்.

விண்ணுக்கு ஆளை அனுப்ப முனையும் தேசத்துக்குச் சாக்கடைக்கு யந்திரத்தை அனுப்பச் சக்தியில்லையென்று யார் நம்புவார்? இல்லாதது சக்தியன்று, மனம். நகரசபைகள் யந்திரங்களை வாங்கட்டும். அவரவர் அசுத்தத்துக்கு அவரவரே பொறுப்பு என்பதை நாமும் உணர்வோம். ஆகாயத்தில் செல்லும் தர்மம் பூமியிலும் செல்லவேண்டும்.